எழுதிக் கொடுத்தால் தருகிறேன்

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கார்த்திகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, இரவுப் பணி முடிந்த மறுநாள் பகலில் நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய முழங்கால் பட்டை வந்து சேர்ந்தது. அம்மா அதை ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, "என்னையக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்துவிட்டாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீ சொல்லிப் பார்.

இங்கே நல்ல மழை. போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து இரண்டு முறை வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பின்பக்கத்து ஓடு ஒழுகுகிறது. சின்ராசுவை வரச் சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் வருகிறேன் என்கிறான். மழை விட்டபிறகு ஒழுகாது என்பதால் அப்போது யாருக்கும் அவசரம் இருக்காது.

ஓட்டையும் மழையையும் எழுதிக்கொண்டிருப்பது, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். உன் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை முடியாமல் கிடப்பதற்குக் காரணம் நான். தீபாவளிக்கு லீவு போட்டு வந்து, யாராவது விசாரிக்க வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதே எனக்குத் தெரியும். "பண்டிகை நேரம், ஆள் இருக்காது" என்று சொல்லி உன்னைப் பஸ் ஏற்றிவிட்டேன். தை மாதம் அயர்லாந்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டியவள் நீ. உன்னிடம் இதைச் சொல்லாமல் வைத்திருப்பது சரியில்லை. நேரில் பேசினால் எனக்கு வரிசை வராது. நீ ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்லப் போய், சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நம் வீட்டு மூலைச் சுவரில் கேமரா இருக்கிறதே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். போன வருடம் நம் தெரு ஏலக்காய் வியாபாரி மாரீஸ்வரனுடைய கிட்டங்கியில் மூட்டைகள் களவு போனபோது தெருக்காரர்கள் சேர்ந்து மாட்டியது. நம் வீடு முக்கில் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது, ராஜாராம் சார் பொறுப்பான ஆள் என்று சொல்லி, படம் பதிவாகும் பெட்டியை நம் முன்னறையில் வைத்தார்கள். கருவூலத்தில் காலமெல்லாம் சாவி வைத்திருந்தவனுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஆயுத பூஜைக்கு அம்மா அந்தப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். அதனால் நன்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நம் தெருக் கற்பகத்தின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவனை அதை வைத்துத்தான் பிடித்தார்கள். அப்போது ஸ்டேஷனிலிருந்து ஒரு தாளில் முறையாக எழுதிக் கொடுத்துப் படத்தை வாங்கிப் போனார்கள். நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன்.

கேமரா மாட்டிய அன்று எதிர்வீட்டுச் சந்திரவல்லி வந்து நின்று பார்த்தாள். உனக்குத் தெரியும், விடிகாலையில் தூக்குவாளியோடு ஜீப்பு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். "சார், இது எங்க வாசலையுமில்ல பாக்குது?" என்று கேட்டாள். திருடன் வந்தால் மட்டும்தான் எடுத்துப் பார்ப்போம் என்று சொன்னேன். "அப்பச் சரி. நான் தலைய விரிச்சுப் போட்டு நிக்கிறதெல்லாம் பாத்துறாதீக" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஐப்பசித் தொடக்கத்தில் மெட்டில் தோட்டத்து ஜீப்பு ஒன்று கவிழ்ந்து சிலமலை அய்யம்மாள் இறந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். கொள்ளாத அளவுக்கு ஆள் ஏற்றியிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பெண்கள் சந்திரவல்லி வீட்டில் கூடினார்கள். காலையில் போகவும் சாயங்காலம் திரும்பவும் அரசு பஸ் வேண்டும் என்று கலெக்டருக்கு மனு கொடுக்கவேண்டும், எழுதித் தாருங்கள் சார் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவர்கள் மனுவோடு நிற்கவில்லை. முந்தல் சோதனைச் சாவடியில், மெட்டு ஏறும் இடத்தில், ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் வரை ஒரு வண்டி ஏறவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டியும் மாட்டிக்கொண்டதாம். என் மனுவில் அது இல்லை. எனக்கு அதில் சம்மதமும் இல்லை. சந்திரவல்லியிடம் சொன்னபோது, "மனு மெதுவாப் போகும் சார், ஜீப்புத்தான் வெரசாப் போகுது" என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஈஸ்வர் என்ற சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். உன் வயதுதான் இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, அம்மா கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தார். ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் பலர் தலைத்துண்டால் முகத்தைச் சுற்றியிருந்தார்களாம். வழக்கு, பெயர் தெரியாதவர்கள் மேல் பதிவாகியிருக்கிறதாம். ஆகவே மறியலுக்கு முந்தின நாள் எதிர்வீட்டுக்கு வந்துபோனவர்களின் முகம் வேண்டும் என்றார். போலீஸ் போனில் ஒரு செயலி இருக்கிறதாம். ஒரு முறை முகத்தை ஏற்றிவிட்டால், பிறகு எங்கே பார்த்தாலும் ஆளைச் சொல்லிவிடுமாம். சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அப்போது நான் செய்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். நான் எதிர்க்கவில்லை. எதிர்க்க எனக்குத் தைரியம் கிடையாது, அது உனக்கே தெரியும். "எழுதிக் கொடுங்க சார், தர்றேன்" என்றேன், அவ்வளவுதான். சங்கிலி விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. என் உத்தியோகத்தில் தாள் இல்லாமல் ஒரு பொருள் என் கையைவிட்டுப் போனதில்லை. கை அந்தப் பழக்கத்தில் நீண்டுவிட்டது. என்ன வழக்கு, யாருடைய முகம், எதற்காக, கீழே ஒரு கையெழுத்து. இதைக் கேட்டால் அவர் கோபப்படுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எழுதுனாத்தான் தருவீங்களா சார்?" என்றார். ஒரு பாரா போதும் என்றேன். அவர் சிரித்தார். "பேப்பர்னு போனா எல்லாமே பேப்பர்தான் சார். ஒங்க பொண்ணு வெரிபிகேஷன்கூட எங்க மேஜையில பேப்பராத்தான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, காப்பி நன்றாக இருந்தது என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போனார்.  அவர் விட்டுச்சென்ற டம்ளரை எடுத்துக்கொண்டு போய் நானே கழுவினேன்.

அன்றிலிருந்து தெருவில் என்னைப் பற்றி இரண்டு பேச்சு. மாரீஸ்வரன் பக்கம் என்னைக் கொழுப்புப் பிடித்த கிழவன் என்கிறார்கள். சந்திரவல்லி பக்கம் என்னைப் பெரிய தைரியசாலி என்கிறார்கள். இரண்டில் எதைக் கேட்டாலும் எனக்கு வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது. தாள் கேட்கும் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் அன்றே கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று கொடுக்கவில்லை. பிறகு யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது. யோசித்ததுதான் வினை.

தீபாவளி முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய பிறகு பூப்பாறையில் ஒரு துக்கத்துக்குப் போனேன். முந்தலில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஜீப்பை நிறுத்தியிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் போனை வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த பெண்களை ஒவ்வொருவராகத் தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்லிப் படம் எடுத்தார். வயதில் சிறிய பெண் ஒருத்தி, பவித்ரா என்று கூப்பிட்டார்கள், முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு முகத்தைக் காட்டினாள். "ஏண்டி, கல்யாண ஆல்பத்துக்கா எடுக்குறாக?" என்று பக்கத்தில் இருந்தவள் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். சந்திரவல்லியும் அதில் இருந்தாள். "எங்க மூஞ்சிய எங்க வீட்டுக்காரனே இப்பிடி உத்துப் பாத்ததில்ல சார்" என்று அந்தப் போலீஸ்காரரிடம் சொன்னாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் படம் எடுப்பதை அவர் நிறுத்தவில்லை. கடைசியில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. எங்கள் பஸ்ஸில் ஏறி யாரையும் படம் எடுக்கவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

என் பெட்டியில் இருக்கும் முகங்களும் அந்தப் போனுக்குள் போய்விட்டால் என்ன நடக்கும் என்று விசாரித்தேன். முகம் ஒத்துப்போனவளை முந்தலில் இறக்கிவிடுவார்கள். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி, வெளியே உட்காரவைப்பார்கள். இரண்டு நாள் வேலைக்கு வராதவளை மேஸ்திரி மூன்றாம் நாள் ஜீப்பில் ஏற்றமாட்டார். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்தார்களா என்பதும் தெரியாது. துக்கம் பேச வந்தவர்கள் இருக்கலாம். செயலிக்கு அது தெரியாது. குற்றம் செய்தவர்களைப் போலீஸ் தேடக்கூடாது என்று நான் சொல்லவில்லை, கார்த்திகா. தேடட்டும். எதற்காகத் தேடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிவிட்டுத் தேடட்டும். எழுதினால், நாளைக்கு யாராவது ஏன் என்று கேட்கும்போது பதில் சொல்ல ஒரு ஆள் இருப்பார். இப்படி எழுதும்போதே, நான் சட்டம் பேசுகிறேனா அல்லது என் பயத்துக்கு ஒரு காரணம் தேடுகிறேனா என்று சந்தேகம் வருகிறது.

ஏனென்றால் அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன். ஒரு நாள் மத்தியானம் அம்மா தூங்கும்போது போட்டுப் பார்த்தேன். குடையை மடக்கிக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவோடு ஒரு கிழவர் சந்திரவல்லி வீட்டுக்குள் நுழைகிறார். முதுகு அவ்வளவு வளைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஈஸ்வர் இரண்டாவது முறை வந்தபோது அந்தப் பேச்சையும் அவராகவே எடுத்தார். "நீங்க மனு எழுதத்தான போனீங்க. ஒங்கள மட்டும் வெட்டி எடுத்துட்டு மத்தவங்கள வச்சுக்குவோம் சார்" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அன்றும் நான் தாள்தான் கேட்டேன்.

சந்திரவல்லியிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். முறையாக எழுதிய தாள் வந்தால் நான் கொடுத்துவிடுவேன் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்பத் தாளு வந்தா எங்கள எல்லாம் குடுத்துருவீகளா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.  அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரி சார், மழை வருது, போங்க" என்றாள். இப்போது அவளும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கை வலிக்கிறது. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

புதன்கிழமை.

நேற்று நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. சாயங்காலம் மாரீஸ்வரன் வந்தான். "அண்ணே, இந்தச் சோலிய வெரசா முடிச்சு விட்டுருங்க. ஒங்களால தெருவுக்கே கெட்ட பேரு. சாவியக் குடுங்க, நானே எடுத்துக் குடுத்துர்றேன்" என்றான். பெட்டியை என் பொறுப்பில் விட்டது தெருக்கூட்டம், கூட்டம் கூடிச் சொன்னால் சாவியைத் தருகிறேன் என்றேன். "கூட்டத்துலயும் எழுதிக் குடுக்கணுமோ?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

அம்மாவுக்கு அதுவரை முழுதாகத் தெரியாது. ஈஸ்வர் உன் விசாரணையைப் பற்றிச் சொன்னதை அவள் வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரன் விளக்கமாகச் சொல்லிவிட்டான். அவன் போன பிறகு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "எவ மூஞ்சியோ எங்கிட்டும் போகட்டும். எம் புள்ள மூஞ்சிய நான் பாஸ்போட்டுல பாக்கணும்" என்றாள். நான் காரணங்களைச் சொல்லிப் பார்த்தேன். உச்ச நீதிமன்றம் மனிதருடைய அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொல்லியிருப்பதையும் சொன்னேன். "அந்தக் கோர்ட்டு வந்து எம் புள்ளையப் பிளேன் ஏத்துமா?" என்றாள். 

அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். "ஒங்களுக்கு அவ போகக்கூடாது. அதுக்குத்தான் தாளு தாளுன்னு உக்காந்திருக்கீங்க."

கார்த்திகா, அது பொய் என்று எழுத நினைத்தேன். எழுதுவதற்கு முன் எனக்குள்ளே ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அந்த வேலை உனக்குக் கிடைத்த அன்று நான் தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். அது உண்மை. தை மாதம் வேண்டாம், சித்திரையில் போனால் ஆகாதா என்று பல நாள் மனதில் ஓடியதும் உண்மை. இந்த இரண்டில் எது அன்று ஈஸ்வர் முன்னால் என் வாயிலிருந்து வந்தது என்று என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியவில்லை. இரண்டுமே இல்லாமல் வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். நீ என்னைவிட என்னை நன்றாக அறிந்தவள். நீயே தீர்மானித்துக்கொள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பொருத்திய கார்த்தியிடம் கேட்டேன். அது ஒரு அளவுக்குத்தான் படத்தை வைத்திருக்குமாம். நிறைந்ததும் பழையதன்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகுமாம். மனு எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம் வரும் ஞாயிற்றுக்கிழமையோடு தானாகப் போய்விடும். நான் எதையும் அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். பெட்டியைத் தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. அதற்குள் எழுத்தில் கேட்டால் கொடுத்துவிடுவேன். போலீஸ்காரர்கள் நினைத்தால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகலாம். அப்படிப் போனாலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். அதனால்தானோ என்னவோ இதுவரை போகவில்லை.

ஞாயிறு போன பிறகு உன் பேப்பர் நகரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. நகராமலும் போகலாம். திங்கட்கிழமை காலையில் தேனிக்குப் போய், விசாரணை ஏன் நிற்கிறது என்று மேலதிகாரியிடம் மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மனுவை எழுதிவிட்டேன். போவேனா, வாசலிலிருந்தே திரும்பிவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. தை மாதத்துக்குள் ஆகாவிட்டால், அந்த ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கொஞ்சம் அவகாசம் கேட்க முடியுமா? கேட்டுப் பார்க்கச் சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை இன்றே ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைக்கும். அம்மா அதற்கு முன்பே உன்னைக் கூப்பிடலாம். "அவ வாயால சொன்னா இவரு கேப்பாரு" என்று காலையில் பின்வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்வது சரிதான். ஈஸ்வர் சொன்னால் தாள் கேட்பேன். மாரீஸ்வரன் சொன்னால் கூட்டத்தைக் கேட்பேன். நீ "குடுத்துருங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் உன்னிடம் திருப்பிக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. உடனே கொடுத்துவிடுவேன்.

ஆகவே உன்னிடம் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அம்மா. ஞாயிறு வரை என்னைக் கூப்பிடாதே. திங்கட்கிழமை கூப்பிடு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அதுவும் நியாயம்தான். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. போன் அடித்தால் எடுப்பேன். உன் பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் இருக்க எனக்கு இதுவரை தெரியவில்லை.

நீ நன்றாக இரு. போகிற தேசத்தில் குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொள். நல்ல மனிதர்கள் நடுவில் உன் நாட்கள் கழியட்டும். தை மாதமோ சித்திரையோ, நீ புறப்படும் நாளில் உன்னை வழியனுப்ப நானே விமான நிலையம் வரை வந்து நிற்க வேண்டும். அந்த வரத்தைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா,
ராஜாராம்.